ரெண்டு கடலை ஒரு குடோனுக்குள்ள கொண்டு வர்றது: இன்ஸ்டலேஷன் சவுண்ட் எப்படி வேலை செய்யுது

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இருக்கறவங்களுக்கு கடல் ஒண்ணு இல்ல, ரெண்டு. வடக்கால பாக் நீரிணை, தெக்கால மன்னார் வளைகுடா, ஊர்ப் பேச்சுல வடகடல் தென்கடல். தென்மேற்குல இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல தென்கடல் ராப்பகலா இரையும், வடகடல் சும்மா கெடக்கும். ஐப்பசி கார்த்திகையில வாடை எறங்கிட்டா அப்படியே தலைகீழ். பாயில படுத்துக்கிட்டே எந்தப் பக்கம் இரைச்சல் வருதுன்னு கேட்டா போதும், இப்ப என்ன காத்துன்னு தெரிஞ்சிடும், காலண்டர் வேணாம்.

இந்தக் கரையை வச்சு யாராவது ஒரு குடோனுக்குள்ள ஆர்ட் இன்ஸ்டலேஷன், அதாவது ஆளு உள்ள நடந்து பாக்குற மாதிரி ஒரு இடத்தையே கலையா அமைக்கிறது, பண்றாங்கன்னு வைங்க. படம், வலை, பழைய வல்லம் படகுப் பலகை எல்லாம் வச்சாச்சு, இனி சத்தம் வேணும், "உள்ள வந்தா கடலுக்கு நடுவுல நிக்கிற மாதிரி இருக்கணும்"னு சொல்லுவாங்க. உடனே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது சினிமா தியேட்டர்தான், அட்மாஸ், 5.1 மாதிரி சுத்தியும் ஸ்பீக்கர் வைக்கிற முறை, நாலு மூலையிலயும் ஸ்பீக்கர், நடுவுல கனமான சத்தத்துக்குன்னே ஒரு சப்வூஃபர். அங்கதான் பாதி வேலை கெட்டுப் போகுது. தியேட்டர் சவுண்டும் இன்ஸ்டலேஷன் சவுண்டும் பாக்க ஒரே சாமான் மாதிரி இருந்தாலும் ரெண்டும் வேற வேற கணக்கு, ஏன்னா தியேட்டர்ல ஆளு உக்காந்திருக்காரு, இங்க ஆளு நடக்குறாரு.

முதல்ல காது எப்படி திசையைக் கண்டுபிடிக்குதுன்னு பாத்துடலாம். சத்தம் வலது பக்கத்துல இருந்து வந்தா வலது காதுக்கு கொஞ்சம் முன்னாடி போய்ச் சேரும், இடது காதுக்குப் பிந்தி. அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லி செகண்ட்ல முக்கால் பங்குகூட இல்ல, சுமாரா 0.65 மில்லி செகண்ட், ஆனா மூளைக்கு அது தாராளம். கனமான குரல், இன்ஜின் சத்தம் மாதிரி கீழ் சுருதிக்கு இந்த நேர வித்தியாசம்தான் முக்கியம், சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு எத்தனை அதிர்வுங்கற கணக்கு) மேல போயிட்டா தலையே மறைச்சுக்கிட்டு நிக்கிறதால எந்தக் காதுல சத்தம் பெருசா கேக்குதுங்கறது முக்கியம் ஆயிடுது. இதை ராலே பிரபுங்கற இங்கிலாந்து இயற்பியல்காரர் 1907-லயே எழுதி வச்சிட்டாரு. சத்தம் தலைக்கு மேல இருந்து வருதா கீழ இருந்து வருதான்னு சொல்றது காது மடலோட மடிப்பு பண்ற வேலை. சுருதி ரொம்ப கீழ, 80 ஹெர்ட்ஸுக்கும் கீழ போனா வீட்டுக்குள்ள திசையே பெருசா தெரியாது, அதனாலதான் சப்வூஃபரை எந்த மூலையில வச்சாலும் யாரும் கண்டுக்கறதில்ல.

ஸ்டீரியோவும் 5.1-ம் இந்தக் காதை ஏமாத்துற வித்தை. இடது வலது ஸ்பீக்கர் ரெண்டுலயும் ஒரே குரலை ஒரே அளவுல விட்டா, ரெண்டுக்கும் நட்டநடுவுல ஸ்பீக்கரே இல்லாத இடத்துல பாடகர் நிக்கிற மாதிரி கேக்கும். 5.1-க்கு ஒரு வரையறையே இருக்கு, நடு ஸ்பீக்கர் நேர் எதிர்ல, முன் ஸ்பீக்கர் ரெண்டும் 30 டிகிரியில, பின்னாடி ரெண்டும் 110 டிகிரி வாக்குல. ஆனா இந்த மாயம் எல்லாம் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான். அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சு ரெண்டு எட்டு தள்ளி நின்னா பாடகர் ஓடிப்போய் பக்கத்து ஸ்பீக்கருக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு.

இதைக் கணக்காவே பாக்கலாம். ராம்நாட் வெயிலுக்கு, 30 டிகிரின்னு வச்சுக்கிட்டா சத்தம் நொடிக்கு சுமார் 350 மீட்டர் போகும், ஒரு மீட்டருக்கு மூணு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. குடோனுக்குள்ள ஒருத்தர் ஒரு ஸ்பீக்கர்ல இருந்து 2 மீட்டர், எதிர் ஸ்பீக்கர்ல இருந்து 8 மீட்டர் தள்ளி நிக்கிறாரு. எதிர் ஸ்பீக்கர் சத்தம் 17 மில்லி செகண்ட் பிந்தி வருது, அதோட திறந்த வெளி கணக்குப்படி 12 டெசிபல் (சத்தத்தோட பலத்தை அளக்குற அளவு) கம்மியாவும் வருது. 1949-ல ஹெல்முட் ஹாஸ்ங்கற ஜெர்மன்காரர் காமிச்ச விஷயம் என்னன்னா, ஒரே சத்தம் ரெண்டு இடத்துல இருந்து சுமார் 30 மில்லி செகண்டுக்குள்ள வந்தா காது முதல்ல வந்ததை மட்டும்தான் திசைக்கு எடுத்துக்கும், பின்னாடி வர்றது 10 டெசிபல் வரைக்கும் பெருசா இருந்தாக்கூட தனி சத்தமா தெரியாது. இங்க பின்னாடி வர்றது சின்னதாவும் இருக்கு. அப்ப அந்த ஆளுக்கு நீங்க எட்டு ஸ்பீக்கர் வச்சாலும் ஒண்ணுதான் கேக்கும், அவருக்குப் பக்கத்துல இருக்கறது. இம்புட்டு செலவு பண்ணி கடைசியில ஒரு ரேடியோ பக்கத்துல நிக்கிற கதை.

அதனால நடக்குற ஆளுக்கு சவுண்ட் பண்ணும்போது நான் சொல்றது ஒண்ணுதான், சத்தத்துக்கு இடத்தைக் கொடுங்க, ஆளுக்கு இடத்தைக் குறிக்காதீங்க. வடகடல்னா வடக்குச் சுவர். தென்கடல்னா தெக்குச் சுவர். அது அங்கயே இருக்கட்டும், ஆளு கிட்டப் போனா பெருசா கேக்கட்டும், தள்ளி வந்தா சின்னதாகட்டும், நெஜத்துலயும் அப்படித்தானே. ஜேனட் கார்டிஃப்னு கனடா கலைஞர், 2001-ல 16-ம் நூற்றாண்டு தேவாலய இசை ஒண்ணை எடுத்து, அதுல இருக்கற 40 குரலுக்கு 40 ஸ்பீக்கர் வச்சாங்க, ஒரு குரலுக்கு ஒண்ணு. எந்த வித்தையும் இல்ல, நடுவுல நின்னா முழு பாட்டு, ஒரு ஸ்பீக்கர் கிட்டப் போய் காதை வச்சா ஒரு ஆளு மட்டும் பாடுறாரு. ஸ்வீட் ஸ்பாட், அதான் அந்த ஒத்த நாற்காலிப் பிரச்சனையே அங்க கிடையாது, அறை முழுக்க ஸ்பாட்தான்.

நாப்பது ஸ்பீக்கருக்கு நாம எங்க போறது, எட்டுலயே நல்லா பண்ணலாம். ஆனா கடல் சத்தத்துல ஒரு சிக்கல் இருக்கு. கடலோரம் ஒரு மைக் வச்சு எடுத்துட்டு வந்து ஒத்த ஸ்பீக்கர்ல போட்டுப் பாருங்க, கடல் மாதிரியே இருக்காது, டிவி சேனல் வராதப்போ வர்ற இரைச்சல் மாதிரி ஸ்ஸ்ஸ்னு இருக்கும். ஏன்னா கடல்ங்கறது ஒரு இடத்துல இருந்து வர்ற சத்தமே இல்ல. தனுஷ்கோடி அரிச்சல்முனையில நின்னா ஒரு அலை அங்கிட்டு உடைய ஆரம்பிச்சு கரையோரமாவே ஓடி இங்கிட்டு வந்து முடியும், அதுக்குள்ள அடுத்தது வேற எங்கயோ உடையும், அந்த அகலமும் அந்த ஓட்டமும்தான் கடல். அதே மோனோ பதிவை, அதாவது ஒரே சேனல்ல எடுத்ததை, எட்டு ஸ்பீக்கர்லயும் போட்டுட்டா இன்னும் மோசம், ஒரே சத்தம் வேற வேற தூரத்துல இருந்து வந்து ஒண்ணோட ஒண்ணு மோதி சில சுருதியை அழிச்சிடும், நடக்க நடக்க சத்தம் தகர டப்பாவுக்குள்ள போய் வர்ற மாதிரி மாறும்.

தீர்வு ரொம்ப எளிசு, ஆனா கால் வலிக்கும். கரையோரமா நாலு ரெக்கார்டரை பத்துப் பதினஞ்சு மீட்டர் இடைவெளியில வச்சு ஒரே நேரத்துல எடுக்கணும், அந்த நாலையும் சுவர்ல அதே வரிசையில நாலு ஸ்பீக்கருக்குக் கொடுக்கணும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளமே மூன்றரை மீட்டர்தான், அதனால பத்து மீட்டர் தள்ளி இருக்கற ரெண்டு மைக்குல விழுற இரைச்சலுக்கு ஒண்ணோட ஒண்ணு பெருசா சம்பந்தம் இருக்காது, மோதி அழியற பிரச்சனை போயிடும், ஆனா பெரிய அலை ஒண்ணு ஒண்ணா தாண்டிப் போறது மட்டும் அப்படியே வரும். நாலு ரெக்கார்டரோட கடிகாரமும் மணிக்கணக்குல கொஞ்சம் முன்னப் பின்ன ஓடும், ஆரம்பத்துல ஒரு கைத்தட்டு தட்டி வச்சு அதை வச்சு வரிசைப்படுத்திக்கலாம், அதுக்கப்புறம் வர்ற சின்ன நழுவல் அலைச் சத்தத்துல யாருக்கும் தெரியாது.

காத்துதான் எமன். கச்சான் அடிக்கும்போது மைக்குக்கு முடி உறை போடாம போனா கடல் சத்தமே வராது, படபடன்னு துணி அடிக்கிற சத்தம்தான் வரும். தரையை ஒட்டுனாப்ல காத்து வேகம் கம்மி, அதனால ஸ்டாண்டை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, கரையில ஏத்தி வச்சிருக்கற நாட்டுப்படகோட மறைவுல வச்சா பாதி பிரச்சனை தீரும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுறதை வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம். அதிகாலையில காத்து அசந்திருக்கற நேரம் கிடைச்சா விடாதீங்க, ஆனா அந்த நேரத்துல விசைப்படகு இன்ஜினும் ஆரம்பிச்சிடும், அது வேணுமா வேணாமாங்கறது உங்க இஷ்டம், எனக்குக் கேட்டா அது இல்லாத பாம்பன் கடல் பொய்யான கடல்.

கடலுக்கு அடியில இருக்கற சத்தம் தனிக் கதை. ஹைட்ரோஃபோன்னு தண்ணிக்குள்ள விடுற மைக் இருக்கு, பவளப்பாறை, பாலத் தூண், பாசி படிஞ்ச கல் இருக்கற இடத்துல இறக்குனா எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி விடாம ஒரு சத்தம் வரும். அது ஒரு சின்ன இறால் வகை, கொடுக்கை டப்புன்னு மூடும்போது வர்ற சத்தம். கொடுக்கு மோதுறதால வர்றதுன்னுதான் ரொம்ப காலம் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, 2000-ல அதிவேக கேமரா வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சது, கொடுக்கு மூடுற வேகத்துல தண்ணிக்குள்ள ஒரு குமிழி உண்டாகி அது உடையறதுதான் அந்தச் சத்தம்னு. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் இருக்கற 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்கா, அங்க போய் மைக் இறக்க வனத்துறை அனுமதி வேணும், ஆனா கரைப் பக்கம் கல்லு இருக்கற இடத்துலயே கேக்கக் கூடியதுதான் இது.

இந்தப் பதிவை எங்க வைக்கிறது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, தண்ணிக்குள்ள சத்தம் நொடிக்கு 1500 மீட்டருக்கு மேல போகுது, காத்துல போறதை விட நாலு மடங்குக்கு மேல. அப்ப ரெண்டு காதுக்கும் நடுவுல இருந்த அந்த 0.65 மில்லி செகண்ட் வித்தியாசம் கிட்டத்தட்ட 0.15 ஆயிடும், தலையும் தண்ணியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சத்தத்தைக் கடத்தி விடறதால மறைப்பும் இல்ல. முங்குனவங்களைக் கேட்டுப் பாருங்க, படகுச் சத்தம் கேக்கும், எந்தப் பக்கம்னு தெரியாது, தலைக்குள்ளயே இருக்கற மாதிரி இருக்கும். அதனால அடிக்கடல் சத்தத்துக்குத் திசை வச்சா அது தப்பு. ஸ்பீக்கரை எல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சு, அறை முழுக்க தெறிச்சு வர்ற மாதிரி விடணும், இல்ல தரையில பலகைக்கு அடியில போடணும். மேல வடகடல் தென்கடல்னு திசை தெளிவா இருக்கு, ஒரு மூலையில மட்டும் திசை தொலைஞ்சு போகுதுன்னா பாக்க வர்றவங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல, உடம்பே சொல்லிடும்.

இந்த இடத்துல ஆம்பிசானிக்ஸ்னு ஒண்ணைச் சொல்லணும், ஏன்னா யூடியூப் பாத்துட்டு வர்றவங்க எல்லாம் முதல்ல கேக்குறது அதைத்தான். 1970-கள்ல இங்கிலாந்துல மைக்கேல் கெர்சன் உருவாக்குன முறை, ஒரே புள்ளியில நாலு சேனல்ல சுத்தி இருக்கற எல்லாத் திசையையும் பதிவு பண்ணி, அப்புறம் எத்தனை ஸ்பீக்கர் இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சுக்கலாம். நாலு மைக் முனை இருக்கற கையடக்க ரெக்கார்டர் கிடைக்குது, ரீப்பர் மாதிரி விலை கம்மியான மென்பொருள்ல ஆஸ்திரியாவோட கிராஸ் பல்கலைக்காரங்க இலவசமா கொடுத்திருக்கற ஐஇஎம் பிளக்இன்னை, அதாவது மென்பொருளோட சேக்குற கூடுதல் கருவியை, போட்டு வேலையை முடிச்சிடலாம். அருமையான விஷயம், மறுக்கல. ஆனா நாலு சேனல் வகையில கூர்மை கம்மி, நடுவுல நிக்கிறவருக்கு மட்டும்தான் சரியா வரும். இந்த நாலு சேனலை முதல் வரிசைன்னு சொல்லுவாங்க, கூர்மை கூட்டணும்னா மூணாம் வரிசைக்கு 16 சேனல் வேணும், ஸ்பீக்கரும் அதுக்கு ஏத்தாப்ல வேணும். பத்துப் பதினஞ்சு பேரு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குற குடோனுக்கு இதைப் பின்னணிக்கு மட்டும் வச்சுக்கறது நல்லதுன்னு என் அபிப்பிராயம், முக்கியமான சத்தத்தை இதை நம்பி விட வேணாம்.

நகர்ற சத்தம் வேணும்னா நம்ம ஊர்ல அதுக்கு பாம்பன் பாலத்து ரயிலை விட்டா வேற என்ன. 1914-ல திறந்த பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னு போச்சு, புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல வந்துடுச்சு, அதனால பழைய கர்டர் மேல ரயில் ஊர்ந்து போற சத்தத்தை இனிமே புதுசா எடுக்க வழியில்ல. ஆளாளுக்கு போன்ல எடுத்து வச்சிருக்கற வீடியோதான் மிச்சம். போன் பதிவுன்னு தயங்க வேணாம், நகர்த்துறதுக்கு மோனோதான் வசதி. ஆனா இதுல நெறய பேரு பண்றது, அந்தச் சத்தத்தை ஒரு புள்ளியா வச்சு இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு சர்ருன்னு இழுத்துடுவாங்க. கொசு பறந்த மாதிரி ஆயிடும். ரயில் நீளமான சாமான், 18 பெட்டின்னா கிட்டத்தட்ட 400 மீட்டர், 10 கிலோமீட்டர் வேகம்னு வச்சாக்கூட ஒரு இடத்தைத் தாண்ட ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். அப்ப முதல் ஸ்பீக்கர்ல நுழைஞ்சு, ரெண்டாவது மூணாவதுன்னு நிரம்பி, சுவர் முழுக்க ரயிலாகி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, அப்புறம் முதல் ஸ்பீக்கர்ல இருந்து காலியாகிட்டே வரணும். அதிர்வுக்கு மட்டும் ஒரு சப்வூஃபர், அதை எங்க வச்சாலும் ஒண்ணுதான்.

பொருளுக்கே ஸ்பீக்கர் இருந்தா அதையே வைங்கங்கறது இன்னொரு விஷயம். மீன்பிடி துறைமுகத்துல கடலுக்குப் போக வேணாம்னு சொல்ற அறிவிப்பு, பள்ளிவாசல் பாங்கு, கோயில் மைக்செட் எல்லாம் இந்தக் கரையில குழாய் ஸ்பீக்கர்லதான் கேக்குறோம். அதை எடுத்துட்டு வந்து நல்ல ஸ்டுடியோ ஸ்பீக்கர்ல போட்டா எடுபடாது. குழாயில பேஸும் வராது, மேல் சுருதியும் வராது, நடுவுல இருக்கறது மட்டும் மூக்கடைச்ச மாதிரி வரும், அதுதான் அதோட முகம். ஊர் சவுண்ட் சர்வீஸ்ல ஒரு பழைய குழாயை வாடகைக்கு வாங்கி மூலையில கட்டி மெதுவா ஓட விட்டா போதும். சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட "மெதுவா"ங்கறதைப் புரிய வைக்கிறதுதான் கஷ்டம், அவரு தொழிலே ஊருக்கு அந்தப் பக்கம் கேக்க வைக்கிறது. எட்டு சின்ன ஸ்பீக்கர் எட்டு இடத்துல வேணும்னு கேட்டா, ரெண்டு பெரிய டாப் ஸ்பீக்கரை வாசல்ல வச்சுத் தர்றேன் தம்பின்னுதான் சொல்லுவாரு.

இதெல்லாம் பண்ணியும் குடோன் கெடுத்துடும். 12 மீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரம்னு ஒரு கருவாட்டு குடோனை எடுத்துக்கங்க, கீழயும் மேலயும் சுத்தியும் சிமெண்ட். சேபைன்னு ஒரு இயற்பியல்காரரோட சூத்திரம் இருக்கு, கன அளவை 0.161-ஆல பெருக்கி சத்தத்தை உறிஞ்சுற மொத்தப் பரப்பால வகுத்தா எதிரொலி அடங்குற நேரம் வரும். சிமெண்ட் நூத்துக்கு மூணு பங்குதான் உறிஞ்சும்னு போட்டா கிட்டத்தட்ட 6 நொடி. ராமநாதசுவாமி கோயில் மூணாம் பிரகாரத்துல பேசுற மாதிரி ஆயிடும், அங்க அது அழகு, இங்க வடகடலும் தென்கடலும் கலந்து கஞ்சியாயிடும். சுவர்லயும் மேலயும் 80 சதுர மீட்டருக்கு நல்லா உறிஞ்சுற சாமான், பஞ்சு மெத்தை, மடிச்சுத் தொங்கவிட்ட கனத்த துணி, நார் மெத்தை மாதிரி ஏதாவது கட்டுனா 1 நொடி வாக்குல வந்துடும். வலை தொங்க விட்டா சத்தம் அடங்கும்னு சிலர் நம்புறாங்க, வலையில ஓட்டைதான் ஜாஸ்தி, கண்ணுக்குத்தான் அழகு. கூட்டம் வந்தா தானா கொஞ்சம் அடங்கும், மனுஷங்க நல்லா உறிஞ்சுவாங்க, அதனால காலி அறையில டியூன் பண்ணதை ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரு தடவை கேட்டுப் பாக்கணும்.

அப்புறம் ஃபேன். சித்திரை வைகாசியில ஃபேனை நிறுத்திட்டு கலையை ரசிங்கன்னு ராம்நாட்ல சொன்னா உங்களைத்தான் நிறுத்துவாங்க. ஃபேன் சத்தம் எவ்வளவுன்னு அளந்து, மெல்லிசான சத்தம் எல்லாம் அதுக்கு மேல ஒரு பத்து டெசிபல் இருக்கற மாதிரி அமைக்கணும். மேல் எல்லையும் பாக்கணும், வர்றவங்க பத்து நிமிஷத்துல போயிடுவாங்க, காவலுக்கு உக்காந்திருக்கறவரு நாள் முழுக்க கேக்குறாரு. 85 டெசிபல்ல எட்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்ங்கறது அமெரிக்க தொழில் பாதுகாப்புக் கணக்கு. காதைக் காப்பாத்துற எல்லை அது, மனுஷன் நிம்மதியா உக்கார 65 பக்கம் நின்னா நல்லது. அவரு கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய் மத்தியானத்துக்கு மேல வால்யூமைக் குறைச்சுட்டா உங்க கலை அவ்வளவுதான்.

அவருக்கு வர்ற வெறுப்பு சத்தத்தால மட்டும் இல்ல, அதே நாய் அதே இடத்துல நாள் முழுக்கக் குரைக்கிறதாலயும்தான். இதுக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு. எல்லா சேனலையும் ஒரே நீளத்துக்கு வெட்டாம, வடகடலுக்கு 7 நிமிஷம், தென்கடலுக்கு 11, அடிக்கடலுக்கு 13-ன்னு வச்சு தனித்தனியா சுத்த விட்டா, மூணும் மறுபடி ஒரே இடத்துல சேர 1001 நிமிஷம் ஆகும், பதினாறரை மணி நேரத்துக்கு மேல. காலையில திறந்து சாயங்காலம் மூடுற வரைக்கும் ஒரு தடவைகூட அதே சேர்க்கை திரும்ப வராது. இதுல இன்னொரு லாபம், இந்த மூணையும் மெமரி கார்டு போட்ட சின்னச் சின்ன பிளேயர்லயோ ராஸ்பெர்ரி பைங்கற கையடக்கக் கம்ப்யூட்டர்ல தனித்தனியாவோ ஓட்டலாம், கரண்ட் போய் வந்தா அதது பாட்டுக்கு ஆரம்பிச்சுக்கும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேணாம், எங்க விட்டுச்சோ தெரியாதுங்கற கவலையும் இல்ல. ரயிலை மட்டும் அப்படி விட முடியாது, அதோட ஸ்பீக்கர் எல்லாம் ஒரே மெஷின்ல, ஒரே மல்டிசேனல் இன்டர்ஃபேஸ்ல, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியா சத்தம் கொடுக்குற பெட்டியில, இருந்து வரணும், அதுக்கு மட்டும் ஒரு யூபிஎஸ் வாங்கிடுங்க. ஒயர் முனையை எல்லாம் வாரத்துக்கு ஒருக்கா கழட்டித் துடைக்க ஆளும் சொல்லி வைங்க, உப்புக் காத்துல கனெக்டர் பச்சை பூத்துட்டா கரகரன்னு ஒரு சத்தம் வரும், பாக்க வர்றவங்க அதையும் இன்ஸ்டலேஷன்லதான் சேத்துப்பாங்க.